பெங்களூரு – லண்டன்: டிக்கெட்டில் 6 மணி நேரம், மாப்பிள்ளை சொல்வது 11. எது சரி?

தென்பெண்ணைக்கரை:
வணக்கம், ஊர் காவேரிப்பட்டணம். தங்கச்சி பிரசவத்துக்காக அம்மா மே கடைசியில் பெங்களூரிலிருந்து லண்டன் போகிறார், தனியாக, விமானம் ஏறுவதே முதல் தடவை. டிக்கெட்டில் பகல் 1.30க்குக் கிளம்பி அன்றைக்கே இரவு 7.30க்கு இறங்குவதாக இருக்கிறது. தங்கச்சி மாப்பிள்ளையோ 11 மணி நேரம் ஆகும் என்கிறார். தூரம் 8,000 கிலோமீட்டர், மணிக்கு 900 வைத்தாலும் 9 மணி நேரம் ஆகுமே? அம்மாவுக்குச் சர்க்கரை, மணி பார்த்து மாத்திரை போடுகிறவர், அதனால்தான் கேட்கிறேன். வீட்டிலிருந்து எப்போது கிளம்பலாம்?

பாலக்கோடு வாத்தியார்:
தம்பி, டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். மே மாதத்தில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் (அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து ஐந்தரை). அங்கே 7.30 என்றால் இங்கே நள்ளிரவு 12, ஆக பயணம் பத்தரை மணி நேரம்.

8,000 என்பது உருண்டையின் மேல் அளந்த மிகக் குறைந்த தூரம். பிள்ளைகளின் பூமி உருண்டை இருந்தால் பெங்களூருக்கும் லண்டனுக்கும் ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், ஈரான், காஸ்பியன் கடலோரம், உக்ரைனின் தெற்கு என்று போகும். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து மூடிக் கிடக்கிறது, அதனால் விமானம் சுற்றித்தான் போகிறது. அதோடு அந்த உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசும், போகும்போது எதிர்க்காற்று. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் கொஞ்சம் குறையும்.

ஓசூர் வண்டிக்காரன்:
விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே, நாம் வருவது தெற்கிலிருந்து, இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. 140 கிலோமீட்டர்தானே என்று எட்டு மணிக்குக் கிளம்பினால் பெங்களூரு நுழைவில் இருக்கும் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலிலேயே பாதிப் பொழுது போய்விடும். மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும், காலை ஆறுக்கே கிளம்புங்கள். ஓசூரிலிருந்து மாலூர், ஒசகோட்டை, தேவனஹள்ளி என்று போனால் நகருக்குள் நுழையவே வேண்டாம்.

கிருஷ்ணகிரி அக்கா:
என் மாமியாரும் சர்க்கரைக்காரர்தான், போன வருஷம் இப்படித்தான் அனுப்பினோம். கைக்கடிகாரத்தை மாற்றவே வேண்டாம், இறங்கும் வரை நம் ஊர் நேரத்துக்கே மாத்திரை போடட்டும், அங்கே போன பிறகு எப்படி மாற்றுவது என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சர்க்கரைக்காரர் சாப்பாடு, சக்கர நாற்காலி இரண்டையும் இப்போதே சொல்லி வையுங்கள். நடக்க முடிந்தவர்தான் என்றாலும் நாற்காலி கேளுங்கள், தள்ளிக்கொண்டு போகிறவர் குடியேற்ற வரிசை வரை கூடவே வருவார், மொழி தெரியாத இடத்தில் அது பெரிய தைரியம்.

தென்பெண்ணைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நாற்காலிக்குச் சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி பையனின் உருண்டையில் பூக்கட்டும் நூலை வைத்துப் பார்த்தோம். அம்மா விரலால் தடவிக்கொண்டே போய் காஸ்பியன் பக்கம் நிறுத்தி, "இங்கே வரும்போது நம்ம ஊரில் மணி என்ன இருக்கும்?" என்று கேட்டார். பாதி வழி, ஏழு மணிவாக்கில் இருக்கும் என்றேன். அப்போ அங்கேதான் ராத்திரி மாத்திரை என்று சொல்லி நூலில் அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார்.