வீட்டுக்கு ஒரு கதிர்வீச்சு அளவி: வாங்கியவர்கள் சொல்கிறார்கள்

நாகர்கோவில்:

வீட்டில் வைத்துக்கொள்ள, அவசரத்துக்கு உதவ, கதிரியக்கத்தை அளக்கும் ஒரு கெய்கர் கவுண்ட்டர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதைத் தொடங்குகிறேன். வாங்கியவர்கள், வாங்கி அலமாரியில் போட்டவர்கள் எல்லாரும் சேர்ந்துகொள்ளுங்கள்.

முதலில் கடைச் சமாச்சாரம். ஆன்லைனில் 'ரேடியேஷன் டிடெக்டர்' என்று தேடினால் வந்து விழுபவற்றில் நிறைய, செல்போன் டவர், வைஃபை, கரண்ட் வயர் இவற்றின் மின்காந்த அலையை அளப்பவை. விலை குறைவு, படம் ஒரே மாதிரி. ஆனால் கதிரியக்கத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. யுரேனியத்தையே பக்கத்தில் வைத்தாலும் வாய் திறக்காது. அலகைப் பார்த்தால் தெரிந்துவிடும். மில்லிகாஸ், வோல்ட்/மீட்டர் என்று இருந்தால் அது வேறு கருவி. மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சின் அளவு), நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு (சிபிஎம்) என்று காட்ட வேண்டும். உள்ளே இருப்பது கெய்கர்-முல்லர் குழாயா (வாயு அடைத்தது), சிந்தில்லேட்டர் படிகமா (கதிர் பட்டால் ஒளிர்வது) என்று விற்பவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

என்னிடம் இருப்பது கண்ணாடிக் குழாய் வைத்த ஜிஎம்சி-300 வகை. வாங்கக் காரணம் எங்கள் கடற்கரைதான். மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கம் கரையில் கருப்பாகப் படியும் மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கானோடு மோனசைட்டும் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். சின்ன வயதிலிருந்து 'அந்த மணலில் கரண்ட் இருக்கு' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எவ்வளவு என்று யாரும் சொன்னதில்லை.

வீட்டு ஹாலில் மணிக்கு 0.12, 0.15 மைக்ரோசீவர்ட் என்று ஓடும் கருவி, கரையில் இறங்கியதுமே ஏறத் தொடங்கியது. கருப்பு வரி ஓடும் இடத்தில் 1-ஐத் தாண்டியது, மணலில் ஒட்டி வைத்தால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அலாரம் கத்தவும் கிரிக்கெட் விளையாடிய பையன்கள் கூடிவிட்டார்கள். "அண்ணே, என்னத்த தேடுதிய, தங்கமா?" தோரியம் என்றேன். "அதுக்கு மணல் ஆலையிலல்லா கேக்கணும்" என்று போய்விட்டார்கள்.

இதைப் பார்த்துப் பயப்படுவதா? பக்கத்தில் கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் இதே வகை மணல்தான். அங்கே ஏறக்குறைய 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சு அதிகமான இடங்களில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதற்காக அந்த மணலை லாரியில் அள்ளிவந்து வீட்டுத் தரைக்கு நிரப்பச் சொல்லவில்லை. பழைய வீடு ஒன்றில் அப்படி நிரப்பியிருந்தது. அங்கே ஹாலுக்கும் முற்றத்துக்கும் கருவியில் நல்ல வித்தியாசம் தெரிந்தது.

டோக்கியோ, நிஷி-கசாய்:

இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடங்கள் வெடித்தபோது பாதிப் பேர் ஊருக்கு டிக்கெட் போட்டார்கள். இருந்தவர்கள் கெய்கர் கவுண்ட்டருக்கு அலைந்தோம். கடையில் இல்லை, இருந்த இடத்தில் விலை எங்கேயோ போய்விட்டது. எனக்குப் பல வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் காற்றில் வந்தது வந்து படிந்துவிட்டது.

அவசரத்துக்கு வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அவசரம் வந்த பிறகு கருவி கிடைக்காது. கிடைத்தாலும் அதற்கு முன் உங்கள் வீட்டில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. எனக்கு 0.10 காட்டியது. அது கூடியதா, எப்போதும் அப்படியா? ஒப்பிட என்னிடம் பழைய எண் எதுவும் இல்லை.

ஆனால் ஊரே கையில் கருவியோடு திரிந்ததில் ஒரு நன்மையும் உண்டு. அக்டோபரில் செடாகயா வார்டில் ஒரு தெருவோரம் மணிக்கு 2.7 மைக்ரோசீவர்ட் காட்டியது. ஃபுகுஷிமாவிலிருந்து வந்ததுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். தோண்டித் துருவினால், பக்கத்து வீட்டுத் தரைக்கடியில் பழைய ரேடியம் பாட்டில்கள்! அணு உலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை வருடமாக அங்கே கிடந்ததோ.

இன்னொன்று, காய்கறியையும் மீனையும் கருவிக்கு முன்னால் காட்டாதீர்கள். நாங்கள் எல்லாரும் காட்டினோம். ஜப்பானில் 2012 ஏப்ரல் முதல் பொதுவான உணவுக்கான கதிரியக்கச் சீசிய வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (நொடிக்கு 100 அணுச் சிதைவு). அந்த அளவைக் கைக்கருவியால் கண்டுபிடிக்க முடியாது. சுற்றியிருக்கும் இயற்கைத் துடிப்பிலேயே அது மறைந்துபோகும். ஈயப் பெட்டிக்குள் வைத்து நேரமெடுத்து அளக்கும் ஆய்வக வேலை அது. கருவி சும்மா இருக்கிறது என்பதால் மீன் சுத்தம் என்று ஆகாது.

கோயம்புத்தூர்:

பட்டறை வைத்திருக்கிறேனுங்க. டிக் வெல்டிங்கில் சிவப்பு முனை டங்ஸ்டன் ராடு இருக்குமே, அதில் 2 சதவீதம் தோரியம். ராடு கட்டு மேல் கருவியை வைத்தால் துடிப்பு பல மடங்கு ஏறுது. கையில் பிடிப்பதால் பெரிசா ஒண்ணும் ஆகாது. கிரைண்டரில் முனை தீட்டும்போது பறக்கிற தூசியை மூச்சில் இழுப்பதுதான் வம்பு. பசங்க சொன்னா கேக்க மாட்டாங்க. கருவி படபடன்னு அடிச்சதைக் காட்டினதும் மாஸ்க் தானா வந்துடுச்சு. இப்போ லாந்தனம் கலந்த நீல முனை ராடுக்கு மாறிட்டோம்.

ஆனா பெரிய கூத்து அது இல்லைங்க. மாமனார் யாரோ சங்கிலித் தொடர் வியாபாரக்காரரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு டாலர் வாங்கிக் கழுத்தில் போட்டிருந்தார். 'நெகட்டிவ் அயான்' விடும், செல்போன் கதிர்வீச்சைத் தடுக்கும்னு சொல்லியிருக்காங்க. சும்மா வேடிக்கைக்குக் கருவியை அதன் மேல் வைத்தேன். வெல்டிங் ராடை விட ஜாஸ்தி அடிச்சுது! கதிர்வீச்சைத் தடுக்கிற டாலரே கதிர்வீச்சு. தேடிப் பார்த்தா, 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 10 பொருளைப் போடாதீங்கன்னு எச்சரிச்சிருக்கு, அதில் குழந்தைகள் வளையல்கூட இருக்கு. "மாமா, இதைக் கழட்டிருங்க"ன்னா, "போட்டதிலிருந்து மூட்டு வலி இல்லை மாப்பிள்ளை"ங்கறார். மாமியார்தான் கழட்ட வைத்தார்.

சென்னை:

எங்கள் வீட்டில் இதைப் பார்த்தது வேறு விதமாக. அம்மாவுக்குப் பெட் ஸ்கேன் எடுத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். தம்பியின் கருவி மேசை மேல் கிடந்தது. அம்மா சோபாவில் உட்கார்ந்ததும் அது அலற ஆரம்பித்தது. 0.1-இல் கிடந்தது 5, 6 என்று ஓடுகிறது. தம்பி முகம் வெளுத்துவிட்டது. "என்னடா, நான் என்ன அணுகுண்டா?" என்று அம்மா சிரிக்கிறார்.

ஸ்கேனுக்கு உடம்பில் ஏற்றும் கதிரியக்கப் பொருளான ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகும். இரவு தூங்கப் போகும்போதே நன்றாகக் குறைந்துவிட்டது, காலையில் பழைய எண். பேத்தியை அன்றைக்கு மடியில் வைக்க வேண்டாம் என்று நர்ஸ் சொன்னது ஏன் என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. தைராய்டுக்கு அயோடின்-131 கொடுத்தால் கதை வேறு. அது பாதியாக 8 நாள் ஆகும், ஆஸ்பத்திரி சொல்கிற விலகலைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

குன்னூர்:

மழை பெய்தால் எண் கொஞ்ச நேரம் கூடும், பயப்பட வேண்டாம். காற்றில் இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் வாரிசுகளை (அது சிதைந்து உண்டாகும் தனிமங்களை) மழை கழுவி இறக்குகிறது. அவை அரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். மழை ஓய்ந்ததும் கார் கண்ணாடியை டிஷ்யூ தாளில் துடைத்துக் கருவியில் வைத்துப் பாருங்கள், எண் ஏறும்.

கல்பாக்கம்:

அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவசரகாலம் என்று ஆரம்பித்திருப்பதால் சில விஷயம்.

விலை குறைந்த கெய்கர் குழாய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கதிர்வீச்சு மிக அதிகமானால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மீள அதற்கு நேரம் கிடைக்காது. எண் ஏறுவதற்குப் பதில் குறையும், சிலவற்றில் பூஜ்யமே காட்டும். உண்மையான ஆபத்தில் 'எல்லாம் நலம்' என்று சொல்லும் கருவி! ஆகவே வாங்கும்போது உச்ச அளவு எவ்வளவு, அதைத் தாண்டினால் என்ன காட்டும் என்று பாருங்கள். நெருங்க நெருங்க ஏறிக்கொண்டிருந்த எண் திடீரென்று விழுந்தால் பின்வாங்குங்கள்.

எங்கள் கடற்கரையிலும் அங்கங்கே மோனசைட் திட்டுகள் உண்டு. பக்கத்து வீட்டுப் பையன் புதுக் கருவியோடு போய்விட்டு, "அங்கிள், நிலையத்தில் கசிவு" என்று ஓடிவந்தான். அவனோடு போய்ப் பார்த்தேன். கருமணல் மேல் மட்டும் ஏறுகிறது, நாலடி தள்ளினால் இறங்குகிறது. அவனுடைய கருவிக்குத் துடிப்பை எண்ண மட்டுமே தெரியும். ரேடியாகோட் என்ற கைக்கருவி மாதிரி சீசியம் அயோடைடு படிகம் வைத்தவை ஆற்றலையும் பிரித்துக் காட்டும்: அணு உலையில் உண்டாகும் சீசியம்-137 என்றால் வரைபடத்தில் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் மேடு, தோரியத் தொடர் என்றால் 2,614 வரை. மணலா, உலையா என்ற கேள்விக்கு அதுதான் பதில் சொல்லும். விலை பல மடங்கு. அதன் உச்ச அளவும் மணிக்கு 1 மில்லிசீவர்ட் அளவோடு நின்றுவிடும், தேடுவதற்கான கருவி அது.

இந்தியாவில் அதிகம் பயப்பட வேண்டியது உலையை அல்ல, பழைய இரும்புக் கடையை என்பது என் கருத்து. 2010-இல் டெல்லி மாயாபுரியில் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட கோபால்ட்-60 கருவியைக் காயலான் கடையில் உடைத்தார்கள்; ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே சாதாரண கருவி ஒன்று இருந்திருந்தாலே எச்சரித்திருக்கும். கனமான ஈயக் கூடு, கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்று இதழ் சின்னம், பக்கத்தில் போனால் எண் தாறுமாறாக ஏறுகிறது என்றால் தொடாதீர்கள். தூரம்தான் முதல் மருந்து: இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கால் பங்கு. போலீசுக்குச் சொல்லுங்கள்.

நாகர்கோவில்:

நிறைய பேர் தனியாகக் கேட்பதால்: வீட்டில் 'சாதாரண எண்' தெரிந்துகொள்ள, மாற்றம் வந்தால் கவனிக்க என்றால் குழாய்க் கருவி போதும். டாலர், ராடு மாதிரி பொருளைச் சோதிக்க வேண்டுமென்றால், அடியில் மைக்கா ஜன்னல் வைத்த பெரிய வட்டக் குழாய் நல்லது. காகிதமே தடுத்துவிடும் ஆல்ஃபா கதிரையும் பிடிக்கும், ஆனால் விரலால் குத்தினால் போயிற்று. பொருளோடு ஒட்டி வைக்கும்போது சிபிஎம் மட்டும் பாருங்கள். அந்த நேரத்து மைக்ரோசீவர்ட் எண்ணை நம்பாதீர்கள், அதிகம் ஊடுருவாத பீட்டா கதிரையும் ஊடுருவிப் போகும் காமாவாகக் கணக்குப் போட்டிருக்கும்.

ஒரு நிமிட எண்ணை வைத்து முடிவு கட்ட வேண்டாம். 20 துடிப்பு வருகிற இடத்தில் 15-உம் வரும், 26-உம் வரும். பத்து நிமிடம் விட்டுச் சராசரி எடுங்கள், அறை அறையாக நோட்டில் எழுதி வையுங்கள்.

வந்த கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேட வேண்டாம். உரக்கடையில் முரியேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு கிலோ வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, குழாய் இருக்கும் பக்கத்தை அதன் மேல் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். இயற்கையாகவே கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40 அதில் இருப்பதால் துடிப்பு கூட வேண்டும். கொஞ்சமும் கூடவில்லையென்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். உரம் தென்னைக்கு ஆகும்.