82 வயதில் அடித்தள்ளல்: கீழ்வழியா, வயிற்று வழியா?

மூதூர்ப் பேத்தி:
அம்மம்மாவுக்கு வயது 82. முக்கினால் 7 சென்ரிமீற்றர் அளவு குடல் குதத்தால் வெளியே வருகுது, கையால் தள்ளினால்தான் உள்ளே போகுது. இதயத்துக்கு, இரத்தம் கட்டிபடாமல் இருக்க, குளோபிடோகிரல் குடிக்கிறா. திருகோணமலை கிளினிக்கில் ஒப்பரேஷன் என்கிறார்கள். எந்த முறையை உடம்பு தாங்கும்? திரும்ப வருமா?

கொட்டியாரத்தான்:
வந்த சதையில் மடிப்பு வட்டம் வட்டமாக இருந்தால் குடற்சுவர் முழுதாக இறங்கியிருக்கு. நடுவிலிருந்து கதிர் போலப் பிரிந்தால் மூலநோயாக இருக்கலாம். இதைப் பார்க்காமல் மேலே பேசக்கூடாது.

வயிற்று வழியில் லப்பிறஸ்கோப்பால் (சின்னத் துளையால் விடும் கமரா) வலை வைத்து மலக்குடலைத் திருவென்போடு (முதுகின் அடி எலும்பு) தூக்கிக் கட்டுவார்கள். முழு மயக்கம் வேணும். வயிற்றில் காற்று ஏற்றித் தலையைத் தாழ்த்துவதால் இதயத்துக்குப் பாரம். குதத்தால் செய்யும் கீழ்வழிக்கு முதுகில் விறைப்பூசி போதும். டெலோர்ம் முறையில் சளிப்படலத்தை உரித்து, தசையைச் சேலைக் கொசுவம் மாதிரி மடித்துத் தைப்பார்கள். அது குட்டை இறக்கத்துக்கு. 7 சென்ரிமீற்றருக்கு அல்ற்மயர்தான் பொருத்தம்: தொங்கும் குடலை வெட்டி எடுத்து, மேற்குடலைக் குதத்தோடு தைப்பது. அதன் பயம் தையல் கசிவு. கம்பி போட்டுக் குதவாயை இறுக்கும் பழைய முறையை நான் ஆதரிக்கமாட்டேன். கம்பி அறுக்கும், கிருமி பிடிக்கும், மலம் அடைக்கும்.

கீழ்வழியில் திரும்ப வருவது கூடுதல் என்பது பொதுக்கருத்து. இந்த ஒப்பரேஷன் முறைகளை ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த புரொஸ்பர் ஆய்வில் முறைகளுக்கிடையே தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. வயதைவிட இதயம், நுரையீரல் நிலைதான் முறையைத் தீர்மானிக்கும்.

தாதி_உப்புவெளி:
தங்கச்சி, குளோபிடோகிரலை நீங்களாக நிறுத்தாதீங்க. விறைப்பூசிக்கு முன் வழக்கமாக 5 முதல் 7 நாள் நிறுத்துவார்கள், ஆனால் அண்மையில் இதயக் குழாயில் ஸ்டென்ற் (குழாயை விரித்து வைக்கும் வலைச்சுருள்) வைத்திருந்தால் அது ஆபத்து. இதயக் கிளினிக்தான் சொல்லவேணும். கட்டி இல்லையென்று குடலைக் கமராவால் பார்த்தாச்சா என்றும் கேளுங்க.

ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் மலம் இளக்கும் லக்ற்றுலோஸ் மருந்து தவறக்கூடாது, முக்கினால் தையல் போகும். எனிமா, குளிசை எதுவும் பின்வழியால் வேண்டாம். குந்தி இருக்க விடாமல் கொமோட் கதிரை, காலுக்கடியில் சின்னப் பலகை. முதல் பத்து நாளுக்குள் காய்ச்சலோ அடிவயிற்று நோவோ வந்தால் கசிவாக இருக்கலாம், உடனே கூட்டிவாங்க. மலம் கட்டுப்படாமல் போவது சீராக மாதங்கள் எடுக்கும். சிலருக்கு முழுதாகச் சீராகாது.

மூதூர்ப் பேத்தி:
உள்ளே போகாமல் சிக்கினால்?

தாதி_உப்புவெளி:
இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, சாதாரணச் சீனியைத் தாராளமாகத் தூவி 15 நிமிடம் விடுங்க. சீனி நீரை இழுத்து வீக்கத்தை வத்தச்செய்யும். பிறகு ஈரத்துணியால் நடுப்பகுதியிலிருந்து மெதுவாகத் தள்ளுங்க. நிறம் கறுத்திருந்தால் தள்ளவே வேண்டாம். ஈரத்துணியால் மூடி, சாப்பாடு தண்ணி கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு.