புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த பழைய படம்: பிஎன்ஜி ஆக்கியும் தெளியவில்லையே?

சிப்புட்வாத்தியார்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு ஆண்டு மலர் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். 60-களில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. பெரட்டுக் களத்தில் (காலையில் தோட்டத் தொழிலாளர்களுக்குப் பெயர் கூப்பிடும் இடம்) பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். காண்டா (தோளில் சுமக்கும் காவடிக் கம்பு), வாளி, பின்னால் ஒரு கரும்பலகை. ஒரு பாட்டி பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தாராம். அவர் பேரன் ஸ்கேன் செய்து புலனத்தில் அனுப்பினார்.

கைப்பேசியில் பார்த்தால் அருமை. அச்சகத்தில் மாதிரிப் பக்கம் எடுத்தால், பலகை எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல் புள்ளிகள். "ஜேபெக் (JPEG) கோப்பாக வேண்டாம், பிஎன்ஜி (PNG) கோப்பாகக் கொடுங்கள்" என்றார்கள். மாற்றினேன். 240 கேபி இருந்த கோப்பு 2.3 எம்பி ஆனது, படமோ அப்படியேதான் இருக்கிறது. கோப்பு இத்தனை மடங்கு பெருத்தும் தெளிவு ஏன் கூடவில்லை?

ஈப்போ_அச்சு:
ஐயா, தண்ணீர் கலந்த பாலைப் பெரிய வாளிக்கு மாற்றினால் கெட்டியாகிவிடுமா? அதுதான் நடந்திருக்கிறது.

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் (பிக்சல்) கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அவ்வளவாகப் படாத நுணுக்கங்களை மழுங்கடித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதி வைக்கும். வானம், மரம், முகம் என்றால் தெரியாது. கருப்புப் பலகையில் சாக்பீஸ் எழுத்து போல வெள்ளை சட்டென்று கருப்பாக மாறும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் பார்த்த கொசு அதுதான். எங்கள் தொழிலிலும் அதைக் கொசு என்றுதான் சொல்கிறோம்!

பிஎன்ஜி எதையும் தூக்கி எறியாது. அதனால் அந்தக் கொசுக்களையும் படத்தின் பகுதி என்று நம்பி ஒவ்வொன்றாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கோப்பு பெருத்தது அதனால்தான். போனது போனதுதான். படத்தின் அளவு எத்தனை புள்ளி என்று பார்த்தீர்களா?

சிப்புட்வாத்தியார்:
1600 × 1067.

தமான்_தம்பி:
ஐயா, ஏஐ செயலி ஒன்றில் போடுங்கள், ஒரு நிமிடத்தில் பளிச்சென்று ஆக்கிவிடும்.

பால்மரத்துப்_பேத்தி:
தம்பி, என் ஆயா படத்தை அப்படித்தான் போட்டேன். பளிச்சென்று வந்தது, ஆயாதான் வரவில்லை. யாரோ ஒரு அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். இல்லாத நுணுக்கத்தை அது கற்பனை செய்துதான் நிரப்புகிறது. வாழ்த்து அட்டைக்குச் சரி, பள்ளி மலருக்கு வேண்டாம்.

ஈப்போ_அச்சு:
அக்கா சொல்வது சரி.

ஐயா, ஏ4 பக்கம் முழுக்கப் படுக்கைவாட்டில் போட வேண்டுமென்றால் நீளம் 11.7 அங்குலம். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 3508 புள்ளி வேண்டும். உங்களிடம் 1600 தான் இருக்கிறது, அதாவது ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் காணும். புலனம் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கி, மறுபடியும் ஜேபெக் ஆக்கும். ஒரே நேரத்தில் இரண்டு சேதம்.

அந்தப் பேரனிடம் முதல் ஸ்கேன் இருக்கிறதா என்று கேளுங்கள். படம் நாலுக்கு ஆறு அங்குலம்தானே? 600 டிபிஐ-யில் எடுத்திருந்தால் 3600 × 2400 வரும். வண்ணத்தில் புள்ளிக்கு மூன்று பைட், ஏறக்குறைய 26 எம்பி டிஃப் (TIFF, எதையும் தூக்கி எறியாமல் சேமிக்கும் கோப்பு). ஏ4-க்கு அது போதும். 1200 வைத்தால் நாலு மடங்கு, 100 எம்பி தாண்டும். இந்த வேலைக்குத் தேவையில்லை. கருப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் (நிறமில்லாமல் சாம்பல் சாயலில் மட்டும்) எடுத்தால் மூன்றில் ஒரு பங்குதான் வரும். ஆனாலும் நான் வண்ணத்தில்தான் எடுப்பேன், பழுப்புக் கறையைப் பிரித்து நீக்கச் சுலபம்.

ஜிமெயிலில் 25 எம்பி-க்கு மேல் இணைக்க முடியாது. புலனத்திலேயே 'ஆவணம்' என்று அனுப்பச் சொல்லுங்கள், கோப்பு அப்படியே வரும்.

பால்மரத்துப்_பேத்தி:
இடையில் ஒரு சந்தேகம். கோயில் தீமிதி பேனரில் மஞ்சள் மேல் சிவப்பு எழுத்து ஓரமெல்லாம் கலங்கித் தெரிகிறது. இதுவும் கொசுதானா?

ஈப்போ_அச்சு:
கொசுவும் உண்டு, அதோடு இன்னொன்றும் உண்டு. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கும் அளவுக்கு நிற வித்தியாசத்தைப் பிடிக்காது. அதனால் ஜேபெக் பெரும்பாலும் நிறத்தை மட்டும் பாதி நீளம், பாதி அகலத்துக்குக் குறைத்து வைக்கும். சிவப்பு எழுத்துக்கு அது ஆகாது. அக்கா, பேனர் வடிவமைத்தவரிடம் நேராக பிடிஎஃப் வாங்குங்கள். படமாகத்தான் தருவார் என்றால் அங்கே பிஎன்ஜி சரி. ஒரே நிறம் பரந்து கிடக்கும் படத்தில் அது ஜேபெக்கைவிடச் சிறிதாகவே வரும்.

ஐயா, இன்னொன்று. டிஃப்-இலேயே வெட்டி, ஒட்டி, கறை நீக்கி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரே முறை ஜேபெக் எடுங்கள், தரம் 90 வைத்து. திருத்தித் திருத்தி ஜேபெக்காகவே சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உதிரும்.

சிப்புட்வாத்தியார்:
பேரன் சிங்கப்பூரில் இருக்கிறார். கணினியில் டிஃப் அப்படியே இருந்தது, 26 எம்பி. நேற்றிரவு ஆவணமாக அனுப்பினார். பாட்டியைத் தேடிப் போய் மறுபடி ஸ்கேன் செய்யும் வேலை மிச்சம்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கொசு ஒன்றுகூட இல்லை. பலகையின் மூலையில் 1961 என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. நான் அதை 1967 என்று படித்து, படத்துக்கு அடிக்குறிப்பும் எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சகத்துக்கு இப்போதுதான் அழைத்துச் சொன்னேன்.