மூன்று ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே டிரைவாகக் காட்ட வழி உண்டா? ஒரு டிஸ்க் இடையில் காணாமலும் போய்விட்டது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் வீட்டுக் கணினியில் விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி தவிர, வெவ்வேறு காலங்களில் வாங்கிய மூன்று ஹார்ட் டிஸ்க்குகள் உள்ளன. 4 டெராபைட் டிஸ்க்கில் ஏறத்தாழ 2.1 டெராபைட்டும், 2 டெராபைட் டிஸ்க்கில் 1.2 டெராபைட்டும், மிகப் பழைய 1 டெராபைட் டிஸ்க்கில் 700 ஜிகாபைட்டும் நிரம்பியுள்ளன. பெரும்பாலும் குடும்பப் புகைப்படங்களும் காணொளிகளுமே. எந்தக் கோப்பு எந்த டிரைவில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தேடுவது சலிப்பாக இருப்பதால், மூன்றையும் சேர்த்து ஒரே டிரைவாக ஆக்க விரும்புகிறேன்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வலது கிளிக் செய்தால் "எக்ஸ்டெண்ட் வால்யூம்" மங்கலாகவே இருக்கிறது. இதற்கிடையே, புதிதாக ஓர் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் வகை) பொருத்திய பிறகு அந்த 1 டெராபைட் டிஸ்க் கணினியிலிருந்து மறைந்துவிட்டது, கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸிலும் தெரியவில்லை. டிஸ்க் பழுதாகிவிட்டதா? கோப்புகளை அழிக்காமல் செய்யக்கூடிய வழியைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

முதலில் மறைந்த டிஸ்க்கைப் பார்ப்போம். பல மதர்போர்டுகளில் எம்.2 பொருத்துமிடமும், ஹார்ட் டிஸ்க் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்.2-வில் எஸ்எஸ்டியைச் செருகியதும் அந்தப் போர்ட்டுகள் தாமாகவே செயலிழந்துவிடும். எந்த எம்.2 பயன்பாட்டில் இருந்தால் எந்தப் போர்ட் வேலை செய்யாது என்பது மதர்போர்டு கையேட்டில் ஒரு சிறிய அட்டவணையாக இருக்கும். கணினியை முழுவதும் அணைத்து, மின்கம்பியையும் உருவிவிட்டு, அந்த டிஸ்க்கின் டேட்டா கேபிளை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். எம்.2 பொருத்திய அதே வேளையில் டிஸ்க் மறைந்ததால், டிஸ்க் பழுது என்பதைவிட இதற்கே வாய்ப்பு அதிகம்.

"எக்ஸ்டெண்ட்" மங்கலாக இருப்பதற்குக் காரணம் எளிது: மூன்று டிஸ்க்குகளும் முழுமையாக ஃபார்மட் செய்யப்பட்டிருப்பதால், ஒதுக்கப்படாத இடம் என்று எங்குமே இல்லை. அப்படி இருந்திருந்தால் விண்டோஸ் அவற்றை டைனமிக் டிஸ்க்காக மாற்றி, ஒன்றன் தொடர்ச்சியாக மற்றொன்று என்று நீட்டியிருக்கும். அது மங்கலாக இருந்தது உங்கள் நல்லூழ் என்றே சொல்வேன். அவ்வாறு நீட்டிய தொகுதியில் ஒரு டிஸ்க் போனால் பொதுவாக முழுத் தொகுதியுமே திறக்காது. டைனமிக் டிஸ்க் முறையைப் புதிதாகப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்கிறது.

மறுமொழி 2

விண்டோஸ் 8 முதல் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற வசதி உள்ளது. அதில் மூன்றையும் ஒரு பூலாக (கூட்டுச் சேமிப்பிடமாக) இணைத்தால் ஒரே டிரைவ் எழுத்தில் தெரியும். அளவுகள் வெவ்வேறாக இருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். அதைப் பரிசீலிக்கலாமே?

மறுமொழி 1 எழுதியவர்

நல்ல வசதிதான், ஆனால் கேள்வி கேட்டவரின் நிலைக்குப் பொருந்தாது. பூலில் சேர்க்கும் ஒவ்வொரு டிஸ்க்கும் முதலில் முழுவதுமாக அழிக்கப்படும். அவரிடம் இருப்பதோ மொத்தம் 4 டெராபைட் கோப்புகள். அவற்றைத் தற்காலிகமாக வைக்க அதே அளவு இன்னொரு டிஸ்க் வேண்டும்.

அது கிடைத்தாலும் கணக்கு உதைக்கிறது. "சிம்பிள்" முறையில் ஏறத்தாழ 7 டெராபைட் கிடைக்கும். ஆனால் தரவு துண்டுதுண்டாக எல்லா டிஸ்க்குகளிலும் பரவுவதால், அந்தப் பழைய 1 டெராபைட் டிஸ்க் போகும் நாளில் மற்ற இரண்டில் உள்ளவையும் சேர்ந்தே போகும். "டூ-வே மிரர்" வைத்தால் ஒவ்வொரு துண்டின் நகலும் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். பெரிய டிஸ்க்கின் 4 டெராபைட்டுக்கு இணையாக மற்ற இரண்டும் சேர்ந்து 3 டெராபைட்தான் இருப்பதால், பயன்படுவது 3 டெராபைட் மட்டுமே. இருக்கும் கோப்புகளே அதில் அடங்கா. ரெய்டு 0 (கோப்புகளைப் பல டிஸ்க்குகளில் பிரித்து எழுதும் முறை) அமைத்தாலும் மிகச் சிறிய டிஸ்க்கின் அளவே எல்லாவற்றுக்கும் வரம்பு என்பதால் மூன்று டிஸ்க்கிலும் 1 டெராபைட் வீதம் சேர்ந்து 3 டெராபைட், பாதுகாப்பும் இல்லை.

அவருடைய உண்மையான தேவை கோப்புகளை ஓரிடத்தில் பார்ப்பதுதான். டிஸ்க்குகள் உள்ளுக்குள் ஒன்றாக வேண்டும் என்பதில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவ் எழுத்தை மாற்றும் பகுதியிலேயே, ஒரு டிஸ்க்கை வெற்று என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான கோப்பு அமைப்பு) கோப்புறைக்குள் பொருத்தும் தெரிவு இருக்கிறது. 4 டெராபைட் டிஸ்க்கில் "பழையவை" என்று வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, 2 டெராபைட் டிஸ்க்கை அதில் பொருத்தினால், பார்ப்பதற்கு எல்லாம் ஒரே டிரைவ்தான். எதுவும் அழியாது; ஒரு டிஸ்க் பழுதானால் அதிலுள்ளவை மட்டுமே பாதிக்கப்படும். பின்னர் இணைப்பை நீக்க வேண்டுமானால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகவே நீக்குங்கள். எக்ஸ்ப்ளோரரில் அந்தக் கோப்புறையை அழித்தால் உள்ளிருக்கும் கோப்புகளும் போய்விடக்கூடும்.

எதைச் செய்வதற்கு முன்பும் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மூன்று டிஸ்க்குகளின் 05, சி5, சி6, சி7 வரிகளை (டிஸ்க் தானே பதிவுசெய்யும் பிழை எண்ணிக்கைகள்) பார்த்து இங்கே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கையேட்டில் நீங்கள் சொன்ன அட்டவணை இருந்தது. கேபிளை மாற்றியதும் 1 டெராபைட் டிஸ்க் தெரிகிறது. 2 டெராபைட் டிஸ்க்கில் நான்கு வரிகளும் பூச்சியம். 4 டெராபைட் டிஸ்க்கில் சி7 மட்டும் 138, மற்றவை பூச்சியம். 1 டெராபைட் டிஸ்க்கில் சி5 வரியில் 18 என்று இருக்கிறது, மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கையும் காட்டுகிறது. 138 தான் பெரிய எண் என்பதால் 4 டெராபைட் டிஸ்க்கை நினைத்துக் கவலையாக இருக்கிறது.

மறுமொழி 1 எழுதியவர்

கவலைப்பட வேண்டியது 1 டெராபைட் டிஸ்க்கைப் பற்றி. அந்த மென்பொருள் இவ்வெண்களை இயல்பாகப் பதினாறடிமான முறையில் காட்டும். ஆகவே 138 என்பது வழக்கமான எண்முறையில் 312, 18 என்பது 24. சி7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் செல்லும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை. பெரும்பாலும் குற்றவாளி சாட்டா கேபிள்தான். புதிய கேபிள் போட்ட பிறகும் எண் குறையாது, அது ஒருபோதும் குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

சி5 அப்படியன்று. படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்) அவை; டிஸ்க்கின் தட்டிலேயே கோளாறு தொடங்கியிருக்கலாம். அதிலுள்ள 700 ஜிகாபைட்டை உடனே 4 டெராபைட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அங்கே போதிய இடம் இருக்கிறது. ஆனால் 4 டெராபைட் டிஸ்க்கின் கேபிளை மாற்றிய பிறகே தொடங்குங்கள். விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியைப் பயன்படுத்தினால் மறுமுயற்சி எண்ணிக்கையை 1 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். இயல்பு அமைப்பில் அது ஒரு கோப்புக்கே 10 லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி இடைவெளி விட்டு முயலும். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அப்படிக் கசக்கக் கூடாது. நகலெடுத்து முடியும்வரை, டிஸ்க்கைச் சரிபார்த்துத் திருத்தும் செக்டிஸ்க்கையும் ஓடவிடாதீர்கள்.

மறுமொழி 3

லினக்ஸில் மெர்ஜர்எஃப்எஸ் இதே வேலையை இன்னும் நேர்த்தியாகச் செய்யும்: டிஸ்க்குகளை அழிக்காமல், ஒரே பெயருள்ள கோப்புறைகளையும் ஒன்றாகவே காட்டும். விண்டோஸிலேயே இருப்பதானால் "லைப்ரரி" வசதியில் வெவ்வேறு டிஸ்க்குகளின் புகைப்படக் கோப்புறைகளைச் சேர்த்தால் அவை ஒரே பட்டியலாகத் தெரியும். பழுதான டிஸ்க்கின் கோப்புகளை மீட்க உதவும் ஸ்நாப்ரெய்டு விண்டோஸிலும் ஓடும், ஆனால் அதன் பேரிட்டி டிஸ்க் (மீட்புக்கான தகவலை வைத்திருப்பது) மற்றவற்றில் மிகப் பெரியதற்குக் குறையாத அளவில் இருக்க வேண்டும். ஆகவே இன்னொரு 4 டெராபைட் டிஸ்க் வாங்கிய பிறகே அதைப் பற்றிப் பேச முடியும்.

மறுமொழி 1 எழுதியவர்

அப்படி ஒன்று வாங்கினால் பேரிட்டிக்குப் பயன்படுத்தாமல், வெளியே கழற்றி வைக்கும் பேக்கப் டிஸ்க்காக வையுங்கள் என்பதே என் கருத்து. குடும்பப் புகைப்படங்களைத் தவறுதலாக அழித்துவிட்டு அடுத்த ஒத்திசைவையும் (பேரிட்டியைப் புதுப்பிப்பது) ஓட்டிவிட்டால் பேரிட்டி அவற்றைத் திருப்பித் தராது, பேக்கப் தரும்.

கேள்வி கேட்டவர்

கேபிளை மாற்றி நகலெடுத்தேன். காணொளிக் கோப்புகள் இரண்டு மட்டும் படிக்க முடியாமல் நின்றன. அவற்றின் பிரதி கைப்பேசியில் இருந்தது. சி7 இன்னும் 138-லேயே நிற்கிறது. பழைய 1 டெராபைட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டேன். 2 டெராபைட் டிஸ்க் இப்போது கோப்புறையாகத் தெரிகிறது. எக்ஸ்ப்ளோரரின் டிரைவ் பட்டியலில் 4 டெராபைட் டிஸ்க்கின் காலியிடம் மட்டுமே தெரிகிறது, 2 டெராபைட்டின் காலியிடம் சேரவில்லை. இது இயல்புதானா?

மறுமொழி 1 எழுதியவர்

இயல்புதான். இரண்டும் இன்னமும் தனித்தனி டிஸ்க்குகள் என்பதால் காலியிடம் கூடாது. பெரிய கோப்புகளைப் போடும்போது எந்தக் கோப்புறைக்குள் போடுகிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். 2 டெராபைட் டிஸ்க்கின் இடத்தை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்க்கலாம்.