சுதந்திர தின மேடைக்கு யாரைக் கூப்பிடுவது? ஒரு பத்தாம் வகுப்பு ஆசிரியையின் கேள்வி

கேட்டவர்: கணக்கு டீச்சர், பள்ளிபாளையம் பக்கம்

வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினோரு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் நான்கு நாளாகத் தவிக்கிறேன். நாளை மறுநாள் ஹெச்.எம்.மிடம் பதில் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் எங்கள் பள்ளியில் 43 பேர் பொதுத்தேர்வு எழுதினார்கள். மே மாதம் ரிசல்ட் வந்தபோது 38 பேர் தேர்ச்சி. மீதி ஐந்து பேரில் நான்கு பேர் ஜூலைத் துணைத்தேர்வில் பாஸ் ஆகிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் இன்னும் கணக்கில் நிற்கிறாள். முதல் மதிப்பெண் 481. எடுத்த பெண்ணின் அப்பாவும் அம்மாவும் தறிப்பட்டறையில் வேலை செய்கிறார்கள். அப்பாவுக்குப் பெரும்பாலும் நைட் ஷிப்ட். பட்டறைக்கு ஒட்டினாற்போல் வீடு. தறிச் சத்தத்தில்தான் அந்தப் பெண் படித்தாள்.

எங்கள் முன்னாள் மாணவர்கள் சிலர், ஆகஸ்ட் 15 விழாவில் முதல் மூன்று பேருக்கு 10,000, 5,000, 3,000 ரூபாய் கொடுக்கிறோம், போட்டோ போட்டு பள்ளி கேட்டில் 12க்கு 8 பிளெக்ஸ் கட்டுகிறோம் என்று வந்திருக்கிறார்கள். நல்ல மனசோடுதான் வந்திருக்கிறார்கள். ஹெச்.எம். சாருக்கும் விருப்பம். ஆறாம் வகுப்புச் சேர்க்கை போன வருடம் 40, இந்த வருடம் 31. தனியார் பள்ளி வேன் மூன்று எங்கள் தெருவுக்குள்ளேயே வந்து போகிறது. "நம்ம பிள்ளைகளும் மார்க் எடுக்குதுன்னு ஊருக்குத் தெரியணும்மா" என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது.

என் தயக்கத்துக்குக் காரணம் மூன்று வருடம் முன்பு நடந்த ஒன்று. அப்போதும் முதல் மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தோம். பரிசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்ற பையன், கணக்கில் 37 எடுத்துத் துணைத்தேர்வில் தேறியவன். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு அப்பா இறந்துவிட்டார். காலையில் பால் ஊற்றிவிட்டு பள்ளிக்கு வருவான். அந்த 37க்காக அவன் என்னோடு உட்கார்ந்த சாயங்காலங்கள் எனக்குத்தான் தெரியும். தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, "டீச்சர், பாஸானவங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்கு வாயே வரவில்லை. தட்டைப் பிடிக்கச் சொன்னதும் நான்தான்.

அதே நேரம் மதிப்பெண்ணைப் பேசவே கூடாது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஹெச்.எம். அறையில் 1998 முதல் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. வருடம், பெயர், மார்க், எல்லாம் வெள்ளைப் பெயிண்டில். போன வருடம் பையனைச் சேர்க்க வந்த ஓர் அம்மா அந்தப் பலகையில் தன் பெயரைக் கண்டுபிடித்தார். 2004, 447. பையனின் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் வைத்துக் காட்டினார்.

2017இல் அரசு மாநில அளவில் முதல், இரண்டு, மூன்று என்று அறிவிப்பதை நிறுத்தியது. அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்குள் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பிளெக்ஸ் கடை, ஈரோடு

டீச்சர், ஆத்துக்கு இந்தக் கரையில் பதினாலு வருஷமாகப் பிளெக்ஸ் அடிக்கிறேன். மே, ஜூன் இரண்டு மாதமும் எனக்குப் பள்ளிக்கூட வேலைதான். அதனால் என் பிழைப்புக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

டிசைன் பண்ணும்போது எனக்கு வரும் முதல் கட்டளை, போன் நம்பரைப் பெரிதாக்கு. அடுத்தது "அட்மிஷன் நடைபெறுகிறது". பள்ளி பெயர், தாளாளர் படம், கட்டடப் படம் எல்லாம் வைத்தபிறகு மிச்சமிருக்கிற இடத்தில் பிள்ளை முகம். அடுத்த வருஷம் அதே ஃபைலைத் திறந்து முகத்தை மட்டும் மாற்றச் சொல்வார்கள். பிள்ளையைப் பாராட்டுகிற பேனர் என்றால் பிள்ளைதானே பெரிதாக இருக்க வேண்டும்? பதினாலு வருஷத்தில் அப்படி ஒன்றுகூட நான் அடித்ததில்லை.

ஒரு தடவை ஒரு அப்பா கடைக்கே வந்துவிட்டார். பெண் போட்டோ பஸ் ஸ்டாண்டில் தொங்குகிறது, பெயரும் ஊரும் போட்டிருக்கிறது, பசங்க வீடு தேடி வருகிறார்கள், எடுத்துவிடுங்கள் என்று அழாத குறை. நான் பள்ளிக்குப் போன் போட்டேன். சீசன் முடிந்ததும் எடுக்கிறோம் என்றார்கள். பெண்ணின் வீட்டில் யாரிடமும் கேட்காமலேயே போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் பெண் பிள்ளைகள் படம் என்றால் வீட்டில் சம்மதமா என்று கேட்காமல் அடிப்பதில்லை.

எனக்குப் பிடித்துச் செய்த வேலை ஒன்று உண்டு. பவானி பக்கம் ஒரு சின்ன கவர்ன்மெண்ட் பள்ளி. பத்தாவது முழுவதும் பாஸ். அந்த டீச்சர் இருபத்தாறு பிள்ளைகளையும் வேப்பமரத்தடியில் நிற்க வைத்து ஒரே போட்டோவாக எடுத்து அனுப்பினார். மார்க் எதுவும் போடவில்லை. பேனர் கட்டப் போயிருந்தேன். அரை மணி நேரத்தில் ஊரே வந்து அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தது. சேர்க்கை வேண்டுமென்றால் அதுதான் விளம்பரம் டீச்சர். இருபத்தாறு வீட்டுச் சொந்தக்காரர்களும் பார்த்தார்கள்.

பதில்: பிளெக்ஸில் தொங்கிய பெண், இப்போது கோவை

நானும் நாமக்கல் மாவட்டத்தில்தான் படித்தேன், ஆனால் ஹாஸ்டல் பள்ளி. பிராய்லர் பள்ளி என்று வெளியில் சொல்வார்கள். அந்த வார்த்தை எங்களுக்கும் தெரியும், ராத்திரி படுக்கும்போது அதைப் பேசிக்கொள்வோம்.

2015 பத்தாம் வகுப்பு. அந்த வருடம் 499 எடுத்து மாநிலத்தில் முதலிடம் வந்தவர்கள் 41 பேர். நான் 496. மூன்று மார்க் எங்கே போனது என்றுதான் வீட்டிலும் பள்ளியிலும் முதலில் கேட்டார்கள். ஆனாலும் என் படம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் தொங்கியது. பிறகு பிளஸ் ஒன்னில் பிளஸ் டூ புத்தகத்தையே எடுத்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நாங்கள் சரியாகத் திறக்கவே இல்லை. இதைத் தடுக்கத்தான் அரசு 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. எங்கள் செட்டுக்கு அது கிடைக்கவில்லை. இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தது. காரணம் எனக்குத் தெரியும், அடிப்படை இல்லை.

அரியரை எட்டு மாதம் வீட்டில் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் அந்த பிளெக்ஸ் வெளுத்துப்போய் இன்னும் இருந்தது. லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து போவேன். சித்தி, பெரியம்மா எல்லாரும் தங்கள் பிள்ளைகளிடம் "அக்காவைப் பாரு" என்று காட்டிய படம் அது. அதன் கீழே நின்று தோற்றுவிட்டேன் என்று சொல்ல முடியாது.

ஆனால் டீச்சர், அதே பள்ளியில் தமிழம்மா அரைப்பக்கம் கையால் எழுதிக் கொடுத்தார். மார்க்கைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் எழுதிய ஒரு கட்டுரையில் என் ஆத்தா ராகி களி கிண்டுவதைச் சொல்லியிருந்தேன், அதைப் படித்துத் தன் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். அரியர் வந்த மாதங்களில் அந்தத் தாள் என் பையிலேயே இருந்தது. உங்களால் முடிந்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.

பதில்: ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தருமபுரி

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், வருத்தப்பட வேண்டாம் அம்மா.

ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்த பையனுக்கு எல்லார் முன்னாலும் மெடல் போடுகிறோம். கடைசியில் வந்தவன் மனம் புண்படும் என்று ஒளித்து வைப்பதில்லை. படிப்பில் மட்டும் ஏன் கூச்சம்? தறிக்காரர் மகள் 481 எடுத்தால் அவள் பெயரை மைக்கில் சொல்ல இந்த ஊரில் வேறு எந்த இடம் இருக்கிறது? கல்யாணப் பத்திரிகையில் போடுவார்கள், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ரிசல்ட் அன்று அரசுப் பள்ளிகளில் முதலிடம் என்று தனியாகவும் பட்டியல் வரும். கூரை வீட்டுக்கு டி.வி. கேமரா போகும். என் மாணவன் ஒருவன் வீட்டுக்கு அப்படிப் போனது. அதன் பிறகு அந்தக் காலனியிலிருந்து பத்தாவதோடு நிற்கிற பிள்ளைகள் குறைந்தார்கள், என் கண்ணால் பார்த்தேன். 2017க்குப் பிறகு பட்டியல் நின்றது. பணம் உள்ள பள்ளி பேப்பரில் முழுப்பக்கம் போடுவது நின்றதா? நிற்கவில்லை. அமைதியாகிப் போனது நம் பிள்ளைகள்தான்.

சேர்க்கை 31 என்றீர்கள். அது இன்னும் இறங்கினால் ஆசிரியர் பணியிடத்தையே எடுத்துவிடுவார்கள். தட்டு பிடித்த பையன் கேட்டது எனக்கும் சுடுகிறது. அதற்கு வழி, அவனையும் மேடையில் ஏற்றுவது. 481ஐ மேடையிலிருந்து இறக்குவது வழி அல்ல.

பதில்: பாலக்காட்டுத் தமிழன்

பட்டியலை நிறுத்தினால் பிளெக்ஸ் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். கேரளாவில் 2005இலேயே எஸ்.எஸ்.எல்.சி.க்கு ரேங்கை விட்டு கிரேடுக்குப் போய்விட்டார்கள். இப்போது முக்குக்கு முக்கு "ஃபுல் ஏ பிளஸ்" போர்டு. பள்ளி, கிளப், கட்சி, வார்டு மெம்பர் எல்லாரும் வைக்கிறார்கள். கொரோனா காலத்தில், 2021இல், ஃபுல் ஏ பிளஸ் மட்டும் 1,21,318 பேர். என் அக்கா மகளுக்குப் பத்துப் பாடத்தில் ஒன்பது ஏ பிளஸ், ஒன்று ஏ. ஃபுல் ஏ பிளஸ் குரூப் போட்டோ எடுக்கும்போது அவளை நகர்ந்து நிற்கச் சொன்னார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. கோடு எங்கே போட்டாலும் அதை ஒட்டி நிற்கிற பிள்ளைக்குத்தான் அடி பலமாக விழுகிறது.

கேட்டவர்: கணக்கு டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. ஓய்வு பெற்ற சார் எழுதியதைப் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் முதல் மார்க் எடுத்த பெண்ணிடமே கேட்கவில்லை. இன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

"மேடை வேணும் டீச்சர்" என்று உடனே சொன்னாள். அப்பா ஒரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு வந்ததில்லையாம். பேரைக் கூப்பிடுவார்கள் என்றால் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமலாவது வருவார் என்றாள். சரி, பிளெக்ஸ்? "கேட்டுல வேண்டாம், பட்டறைக்காரங்க எல்லாம் கிண்டல் பண்ணுவாங்க." பிளெக்ஸ் கடைக்காரர் சொன்னது சரிதான், இவளிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை.

அப்புறம் முன்னாள் மாணவர்களோடு போனில் பேசினேன். எங்கள் பள்ளி பத்தாவது வரைதான், பிளஸ் ஒன்னுக்கு எல்லாரும் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அந்த 18,000இல் 481க்கு 5,000 மேடையிலேயே கொடுப்பது, மீதி 13,000ஐத் தேறிய மற்ற 41 பேருக்கும் நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ், டிக்‌ஷனரி என்று பிரிப்பது என்று கேட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவருக்கு வருத்தம், முதல் மூன்று என்பதை விடவே கூடாது என்கிறார். அவரோடு இன்னொரு தடவை பேச வேண்டும்.

பச்சைப் பலகையில் 481 ஏறும். பெயிண்டர் 12ஆம் தேதி வருகிறார். மேடையில் 42 பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி நானே சொல்லப் போகிறேன். கோவைத் தங்கை சொன்னபடி அதை எழுதியும் கொடுப்பேன். நேற்று ராத்திரி இருபத்தெட்டு பேருக்கு எழுதி முடித்தேன். ஒரு பையனைப் பற்றி எதுவுமே நினைவுக்கு வரவில்லை. ஒரு வருடம் என் முன்னால் உட்கார்ந்திருந்தவன். அறிவியல் சாரிடம் கேட்டேன். லேபில் மற்றவர்கள் போன பிறகு கழுவி வைத்துவிட்டுப் போவது அவன்தான் என்றார். இது எனக்கு மனசைப் பிசைந்தது.

வருகைப் பதிவேட்டு வரிசையில் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். அதில் 17ஆம் எண் இன்னும் தேறாத பெண்ணுடையது. அவளைத் தாண்டி 18க்குப் போவதா, கூப்பிடுவதா? சனிக்கிழமை அவளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போகிறேன். அவளிடமே கேட்கிறேன்.

பதில்: பிளெக்ஸ் கடை, ஈரோடு

டீச்சர், குரூப் போட்டோ எடுத்தால் 10ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். வெயில் முகத்தில் நேராக விழாமல் காலை எட்டு மணிக்கு முன்னால் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் பெரிதாக்கும்போது உடைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். 12க்கு 8 வேண்டாம், அத்தனை முகமும் தெரிய 16க்கு 8 போடலாம். பள்ளிக்குள் கட்டுகிற மாதிரி, ஓரத்தில் ரிங் அடித்துத் தருகிறேன். 17ஆம் நம்பர் பெண் வருகிறாள் என்றால் அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அவளையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள். பிறகு ஒட்டவைத்தால் தனியாகத் தெரியும்.