பதிவேடு நிறைந்துவிட்டால் கர்ப்பிணிக்குச் சேவை கிடைத்துவிட்டதாகுமா?

மகளிர் குழு ஊக்குநர், மன்னார்குடி பக்கம்:
வணக்கம். எங்கள் ஊராட்சியில் தாய் சேய் நலச் சேவை யாருக்கு, எந்தத் தரத்தில் கிடைக்கிறது என்று நாங்களே கணக்கெடுக்க முனைந்துள்ளோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்துள்ளன. அதே ஆய்வில் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அப்படியானால் நாங்கள் எதைத்தான் எண்ணுவது?

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், நாகப்பட்டினம் மாவட்டம்:
சகோதரி, கர்ப்பிணி பரிசோதனைக்கு எத்தனை முறை போனார் என்பதோடு நிறுத்தாமல், போனபோது என்ன பார்த்தார்கள் என்பதையும் எண்ணுங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு பெண்ணின் அட்டையில் ஐந்து வருகைக்கும் இரத்த அழுத்தம் 110/70 என்று ஒரே மையில் எழுதியிருந்தது. அவளுக்கோ கொலுசு இறங்காத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தேன், 150/100. ஆகவே அட்டையைப் பார்த்துவிட்டு, "கையில் பட்டை கட்டினார்களா, விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்களா, சிறுநீர் கேட்டார்களா?" என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான்: 180 கொடுத்தாயிற்று என்று பதிவேடு சொல்லும், வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பாதியில் விட்ட மாத்திரைகள் வீட்டு மாடத்தில் அட்டை அட்டையாகக் கிடக்கும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தவருக்கு அடுத்த முறை ஏறியதா என்பதே உண்மையான அளவுகோல்.

ஆசிரியர், மயிலாடுதுறை:
யாரை எண்ணுவது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். பதிவு கணவர் ஊரில். தாய்வீடு வேதாரண்யம் என்றால், வளைகாப்பு முடிந்து அந்தப் பெண் அங்கே போய்விடுவாள். பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) அவளோடு போகும், செவிலியர் போக மாட்டார். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் முறை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே விட்டுப்போவது பெரும்பாலும் இந்த வருகைகள்தாம்.

புள்ளியியல் மாணவர், தஞ்சாவூர்:
தாய் இறப்பு விகிதத்தை ஊராட்சி அளவில் கணக்கிட வேண்டாம். 2018–20இல் மாநில விகிதம் 1,00,000 உயிருள்ள பிறப்புகளுக்கு 54. ஆண்டுக்கு 1,500 பிறப்புகள் உள்ள வட்டாரத்தில்கூட அது ஓர் இறப்புக்கும் குறைவே. இறப்பு நேர்ந்தால் காரணத்தை விசாரியுங்கள், விகிதமாக்காதீர்கள்.

மகளிர் குழு ஊக்குநர்:
மூவருக்கும் நன்றி. நடவு நாள்களில் பகலில் பெண்கள் வயலில் இருப்பதால் மாலையில் வீடுவீடாகச் செல்கிறோம். தாய்வீட்டுக்கு வந்திருப்பவர்களையும் இங்கிருந்து போனவர்களையும் தனி நோட்டில் எழுதுகிறோம். வேதாரண்யம் பக்கம் யாராவது இதே போல் எடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், இரண்டு நோட்டுகளையும் ஒத்துப் பார்க்கலாம்.