மேக்குக்கு மாறியாச்சு, மவுஸ் மட்டும் கைக்கு வசப்படல

பழையவிரல்:
பத்து வருஷத்துக்கு மேல விண்டோஸ்லயே குப்பை கொட்டிட்டு இப்பதான் ஆப்பிளோட மேக்குக்கு வந்திருக்கேன். கீபோர்டு ரெண்டு நாள்ல பழகிடுச்சு, கண்ட்ரோல் சி-க்கு பதிலா கமாண்ட் சி, அவ்வளவுதானே. ஆனா இந்த மேஜிக் மவுஸ் இருக்கே, மேல பட்டனும் காணோம் வீலும் காணோம், சோப்புக்கட்டி மாதிரி வழவழன்னு இருக்கு. ரைட் கிளிக் பண்ணா பாதி நேரம் லெஃப்ட் கிளிக்காதான் விழுது, செட்டிங்ஸ்ல செகண்டரி கிளிக்கை (ரைட் கிளிக்குக்கு மேக்ல அதான் பேரு) ஆன் பண்ணியும் அதே கதைதான். நேத்து ஒரு ஃபைலுக்கு பேர் மாத்தலாம்னு ரைட் கிளிக் பண்றேன் மெனு வரல, கடுப்புல டக்டக்னு அழுத்துனதுல ஃபைலே திறந்துக்கிட்டு நிக்குது. ஸ்க்ரோல் வேற தலைகீழ். இதெல்லாம் போதாதுன்னு, பெரிய ஃபார்ம் ஒண்ணை நிரப்பிட்டிருந்தேன், விரல் லேசா பக்கவாட்டுல நகர்ந்துச்சு, பிரவுசர் முந்தின பக்கத்துக்கு போயிடுச்சு, எழுதுனது அத்தனையும் போச்சு. என் கைதான் பிரச்சனைன்னு தெரியுது. போகப்போக பழகிடுமா, இல்ல பழைய மவுஸையே சொருகிடவா?

ஒத்தபட்டன்:
நண்பா ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. ரைட் கிளிக் பண்ணும்போது ஆள்காட்டி விரல் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாருங்க. கண்டிப்பா இடது பக்கம் சும்மா படுத்துக்கிட்டு இருக்கும். விண்டோஸ்ல நாம புழங்குற மவுஸ்ல ரெண்டு பட்டனுக்கும் தனித்தனி சுவிட்ச், அதனால ஒரு விரல் சும்மா கிடந்தாலும் பாதகமில்ல. இதுல மேல் ஓடு மொத்தமும் ஒரே பட்டன், அழுத்துனது இடமா வலமான்னு விரல் தொட்டிருக்கிற இடத்தை வச்சுதான் அது முடிவு பண்ணுது. ரெண்டு விரலும் மேல இருந்தா லெஃப்ட்னுதான் எடுத்துக்கும். ஆள்காட்டி விரலை ஒரு நூல் அளவு தூக்கிட்டு நடுவிரலால அழுத்துங்க, மெனு வரும். அவசரத்துக்கு கண்ட்ரோல் கீயை பிடிச்சுக்கிட்டு சாதாரண கிளிக் பண்ணாலும் அதே மெனுதான்.

ஃபார்ம் போன கதைக்கு, சிஸ்டம் செட்டிங்ஸ்ல மவுஸ் பக்கத்துல மோர் ஜெஸ்சர்ஸ்னு இருக்கும், அதுல 'ஸ்வைப் பிட்வீன் பேஜஸ்'-ஐ மொதல்ல ஆஃப் பண்ணுங்க. பழகுனப்புறம் வேணும்னா போட்டுக்கலாம்.

தலைகீழ்ஸ்க்ரோல்:
ஸ்க்ரோல் பத்தி யாரும் சொல்லலையே. அதுக்கு பேரு நேச்சுரல் ஸ்க்ரோலிங், 2011ல லயன்னு மேக்கோட ஓஎஸ் வெர்ஷன் வந்தப்ப புகுத்துனது. போன்ல காகிதத்தை விரலால தள்ற மாதிரி தள்றோம்ல, அதே கணக்குதான், விரல் போற திசையில பக்கமும் போகும். மேக் மட்டும்தான் கதின்னா ஒரு வாரம் பல்லை கடிச்சுக்கிட்டு அப்படியே ஓட்டுங்க. ஆனா ஆபீஸ்ல விண்டோஸ் வீட்ல மேக்னு ரெண்டு பக்கமும் ஓடுறவங்களா இருந்தா அந்த வீரமெல்லாம் வேணாம், ஆஃப் பண்ணிடுங்க. ஒரே சிக்கல், மவுஸ்ல ஆஃப் பண்ணா டிராக்பேட்லயும் ஆஃப் ஆயிடும், ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச்தான். தனித்தனியா வேணும்னா ஸ்க்ரோல் ரிவர்ஸர், லீனியர்மவுஸ்னு ஆப் இருக்கு, காசு கேக்காது.

வீல்பிரியன்:
எதுக்கு இவ்ளோ தவம்னு கேக்குறேன். பழைய மவுஸை சொருகுங்க, ரைட் கிளிக், வீல் எல்லாம் ஒண்ணும் இன்ஸ்டால் பண்ணாமலே வேலை செய்யும். 1984ல மேக் வந்தப்பவே ஒத்தை பட்டன் மவுஸ்தான், 1998 ஐமேக்ல வட்டமா ஒண்ணு குடுத்தாங்க, எந்தப் பக்கம் மேலன்னு கைக்கே தெரியாது. இப்ப இருக்கறதுல சார்ஜ் போடுற ஓட்டை அடிவயித்துல, சார்ஜ் ஏறும்போது கவுத்துதான் போடணும். தட்டையா வேற இருக்கு, உள்ளங்கைக்கு சாய்மானமே இல்ல, நாள் முழுக்க உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு மணிக்கட்டு முக்கியம். வீலை அழுத்தி லிங்க்கை புது டேப்ல திறக்குற பழக்கம் இருந்தா இதுல அதுக்கும் வழியில்ல, கமாண்ட் கீயை பிடிச்சுக்கிட்டு கிளிக் பண்ணணும்.

இடக்கை:
எனக்கு இந்த மவுஸ்தான் சௌகரியம். ரெண்டு பக்கமும் ஒரே வடிவம், செகண்டரி கிளிக்கை இடது பக்கம்னு மாத்துனா முடிஞ்சுது. கடையில பாதி மவுஸ் வலக்கைக்காரங்களுக்குன்னே வளைச்சு வச்சிருக்கான், எங்க கஷ்டம் உங்களுக்கு எங்க தெரியப்போகுது 😄

பழையவிரல்:
நாலு நாள் கழிச்சு வர்றேன். ஒத்தபட்டன் சொன்னது நூத்துக்கு நூறு, விரல் அங்கதான் படுத்திருந்துச்சு. ஸ்வைப்பை ஆஃப் பண்ணிட்டேன், ஸ்க்ரோலையும் பழையபடி மாத்திட்டேன், ஆபீஸ்ல இன்னும் விண்டோஸ்தான். பழைய மவுஸ் பக்கத்துலயே இருக்கு, பெரிய எக்செல் வேலை வந்தா அதைத்தான் எடுக்கிறேன். ஒண்ணே ஒண்ணுதான், இப்ப ஆபீஸ் மவுஸ்லயும் ரைட் கிளிக் பண்ணும்போது ஆள்காட்டி விரல் தானா தூக்கிக்குது. இதை ஆஃப் பண்ண எந்த செட்டிங்ஸ்ல போகணும்?